காட்டு நிலத்தில் அங்கன்வாடி கட்டலாமா? வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு சொல்வது இதுதான்

மலையூர்களில் ஒரு பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: "இது ஃபாரஸ்ட் இடம், இங்க ஒண்ணும் கட்ட முடியாது." பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கேட்டாலும் இதுதான் பதில், தண்ணீர்த் தொட்டி கேட்டாலும் இதுதான். சொல்கிறவர் வேண்டுமென்றே பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில், 3(2) என்ற பிரிவில் இருக்கிறது.

நான் போய்ப் பார்த்த ஒரு ஊரில் அங்கன்வாடி ஒரு தகரக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. மூன்று பக்கம் மூங்கில் தட்டி, ஒரு பக்கம் திறப்பு. மழை பிடித்தால் டீச்சர் முதலில் சத்துமாவுப் பைகளைத் தூக்கி பெஞ்சின் மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுவார், அப்புறம்தான் பிள்ளைகளை ஒழுகாத மூலைக்கு நகர்த்துவார். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கி இரண்டு தடவை திரும்பிப் போயிருக்கிறது என்றார்கள். காரணம் கேட்டால் காப்புக்காடு. சரி, வனத்துறை மறுத்த கடிதம் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒரு கடிதமே இல்லை, ஏனென்றால் விண்ணப்பமே யாரும் போடவில்லை. அனுமதி கிடைக்காது என்று எல்லோரும் முடிவுசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

சாதாரணமாகக் காட்டு நிலத்தை வேறு எதற்காவது பயன்படுத்த வேண்டும் என்றால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். (2023இல் திருத்திய பிறகு அந்தச் சட்டத்துக்கு 'வன் சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன் அதிநியம்' என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் அலுவலகங்களில் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.) அது நீண்ட வழி. கோப்பு மாநிலத்தைத் தாண்டிப் போக வேண்டும், ஈடாக மரம் வளர்க்க நிலமும் பணமும் காட்ட வேண்டும். சுரங்கத்துக்கும் அணைக்கும் இப்படி ஒரு கடினமான வழி இருப்பது நியாயம்தான், இருக்கவும் வேண்டும். ஆனால் இருபது பிள்ளைகள் உட்காரும் ஒரு அறைக்கும் அதே வழி என்றால் அந்த அறை ஒருநாளும் வராது. இதை யோசித்துத்தான் 3(2) பிரிவை வைத்தார்கள். 1980 சட்டம் என்ன சொன்னாலும் சரி, அரசு நடத்தும் சில சிறிய வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்கித் தர வேண்டும் என்று அது சொல்கிறது.

எந்தெந்த வசதிகள்? மொத்தம் 13. பள்ளிக்கூடம், மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்சார மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகள், குளம் குட்டை, குடிநீர் வசதியும் தண்ணீர்க் குழாயும், மழைநீர் சேகரிக்கும் அமைப்பு, சிறு பாசன வாய்க்கால், சூரிய ஒளி போன்ற மரபுசாரா மின்சாரம், தொழில் பயிற்சி மையம், சாலை, சமுதாயக் கூடம். இவ்வளவுதான். வீடு இதில் இல்லை, கோயில் இல்லை, விடுதியும் ரிசார்ட்டும் இல்லை. வீட்டுக்கான உரிமை அதே சட்டத்தின் 3(1) பிரிவில் தனியாக வருகிறது, அதற்குத் தனி விண்ணப்பம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, "முதலில் எல்லோருக்கும் பட்டா வரட்டும், அப்புறம் பள்ளிக்கூடம் பார்க்கலாம்" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 3(2)இன் வாசகத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது.

'அரசு நடத்தும்' என்ற சொல்லையும் கவனியுங்கள். ஒரு அறக்கட்டளை நல்ல மனதோடு பள்ளி கட்ட முன்வந்தாலும் அது அறக்கட்டளையின் பள்ளியாக இருந்தால் இந்த வழியில் வராது.

நிபந்தனைகள் மூன்று. ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இந்த மூன்றில் முதல் இரண்டையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்வதால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அங்கன்வாடிக்கு 10 சென்ட் போதும் என்று வைத்துக்கொண்டால் அது ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 25இல் ஒரு பங்குதான், தாராளமாக உள்ளே வந்துவிடும். சாலைதான் இடிக்கும். நாலு மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் இரண்டரை கிலோமீட்டரில் ஒரு ஹெக்டேர் முடிந்துவிடும், நமக்கு அதற்கும் குறைவாக வேண்டும். அதனால் ஐந்து கிலோமீட்டர் சாலையை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டித் தனித்தனி விண்ணப்பமாகக் கொடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அது சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதம், கோப்பு மாட்டினால் நியாயமாக வரவேண்டிய வேலைகளையும் சேர்த்து சந்தேகத்தோடு பார்ப்பார்கள். குடிநீர்க் குழாய்க்கு இந்தக் கவலை இல்லை: ஒரு மீட்டர் அகலத்தில் தோண்டினால் பத்து கிலோமீட்டருக்கு அருகில் வரை போகலாம்.

மரக் கணக்கில் நடக்கும் தப்பு வேறு மாதிரி. 75 என்பது அந்த இடத்தில் நிற்கிற மரங்களின் எண்ணிக்கை அல்ல, வெட்ட வேண்டிய மரங்களின் எண்ணிக்கை. அதுவும் ஹெக்டேருக்கு இவ்வளவு என்ற விகிதம். நீங்கள் எடுப்பது 10 சென்ட் என்றால் உங்கள் பங்குக்கு மூன்று மரம்தான் வரும். 30 சென்ட் என்றால் ஒன்பது. முழுசாக 75 மரம் வெட்டலாம் என்று நினைத்து வரைபடம் போட்டால் ரேஞ்சர் (வனச்சரக அலுவலர்) இடத்தைப் பார்க்க வரும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். மாறாக, மரம் அதிகமாக நிற்கிற இடம் என்பதாலேயே முடியாது என்று யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை. வெட்டும் மரத்தைக் குறைக்க வழி பார்க்கலாம், நான் சொன்ன ஊரில் அதைத்தான் செய்தார்கள். ஊர்ப் பெண்கள் நாலு பேரும் ஓவர்சியரும் சேர்ந்து சுண்ணாம்புத் தூளால் கட்டடத்தின் நாலு மூலையையும் தரையில் குறித்தார்கள், உள்ளே ஆறு மரம் வந்தது. குறித்த கோட்டை இரண்டு முறை அழித்து, கட்டடத்தைக் கொஞ்சம் திருப்பி, சமையலறையை நாவல் மரத்துக்கு இந்தப் பக்கம் தள்ளி வைத்ததில் இரண்டு மரமாகக் குறைந்தது. ஒரு மணி நேர வேலை. இதை அலுவலகத்தில் உட்கார்ந்து செய்ய முடியாது.

இனி கிராம சபை. தமிழ்நாட்டில் கிராம சபை என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஊராட்சி முழுவதற்கும் கூட்டும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராம சபை அந்தக் குடியிருப்பின் வயது வந்த எல்லோரும் கூடும் சபை. அதற்கு அந்தத் தேதிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கீழ்நாட்டில் இருக்கிற பத்து ஊரோடு சேர்ந்து உட்கார்ந்து, மலைமேல் இருக்கிற ஒரு ஊருக்குத் தீர்மானம் போடுவது இந்தச் சட்டத்தின் மனசுக்கு ஒத்துவராது. 2012இல் திருத்திய விதிப்படி சபைக்குப் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். தீர்மானத்தில் என்ன கட்டடம், எந்த இடம், எவ்வளவு பரப்பு, எத்தனை மரம் என்று தெளிவாக எழுதிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்குங்கள். "ஊருக்கு அடிப்படை வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதிய தீர்மானத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கப்புறம் காகிதம் போகும் வழி. பழங்குடியினர் நலனுக்கான மத்திய அமைச்சகம் 2009 மே 18ஆம் தேதியிட்ட கடிதத்தில் இதை வகுத்துக் கொடுத்திருக்கிறது. கட்டப்போகிற துறைதான் விண்ணப்பிக்க வேண்டும், ஊர்க்காரர்கள் இல்லை. அங்கன்வாடி என்றால் பணம் வரும் துறையோ வேலையை எடுத்துச் செய்யும் ஊராட்சி ஒன்றியமோ படிவம் 'ஏ'யை நிரப்பி, கிராம சபைத் தீர்மானத்தை இணைத்து, வனச்சரக அலுவலரிடம் கொடுக்கும். அவர் இடத்தை நேரில் பார்த்து இரண்டு வாரத்தில் தன் கருத்தைப் படிவம் 'பி'யில் எழுதி மாவட்ட வன அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மாவட்ட வன அலுவலருக்கு நான்கு வாரம். அவர் சரி என்றால் இடத்தை அளந்து எல்லை போட்டு வேலையைத் தொடங்க விடுவார். கோப்பு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. அவருக்கு ஒப்புதல் இல்லை என்றால் காரணத்தை எழுதி, கலெக்டர் தலைமையில் இருக்கும் மாவட்ட அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும், அந்தக் குழு சொல்வதுதான் முடிவு. அந்தக் குழுவில் பழங்குடி உறுப்பினர்களும் உண்டு. மறுக்கிற அதிகாரம் தனியாக ஒருவர் கையில் இல்லை என்பதை நான் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் பல ஊர்கள் முதல் வாசலோடு திரும்பி வருகின்றன.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 3(2) பெயர் சொல்லி ஒதுக்கி வைப்பது 1980 சட்டத்தை மட்டும்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயர் அதில் இல்லை. உங்கள் ஊர் சரணாலயத்துக்குள்ளோ புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியிலோ இருந்தால் தொடக்கத்திலேயே மாவட்ட வன அலுவலரிடம் அதைப் பேசிவிட்டு இறங்குங்கள்.

அனுமதி வாங்குவதைவிட இடம் பார்ப்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். காட்டுக்குள் இருக்கிற கட்டடத்துக்கு யானையும் ஒரு வாசகர் மாதிரி, வரைபடத்தை அது தன் வழியில் படிக்கும். அரிசிக்கொம்பன் என்ற யானைக்கு அந்தப் பெயரே ரேஷன் அரிசியால் வந்தது. இடுக்கிப் பக்கம் ரேஷன் கடையை உடைத்து உடைத்துச் சாப்பிட்ட அதை 2023 ஏப்ரலில் பிடித்து இடம் மாற்றினார்கள், அடுத்த மாதமே கம்பம் தெருக்களில் வந்து நின்றது. ஆகவே ரேஷன் கடைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் யானை நடக்கும் தடத்தில் இடம் பார்க்காதீர்கள். அந்தத் தடம் ஊரில் மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும், சாணத்தைக் காட்டியே சொல்லிவிடுவார். மழை ஓடைக்கு எவ்வளவு தள்ளி, லாரி எதுவரை வரும், ஜல்லியை அங்கிருந்து யார் சுமப்பது, இதெல்லாம் மதிப்பீடு போடுவதற்கு முன்பே பேச வேண்டியவை. கீழே தரைமட்டத்தில் போடும் மதிப்பீட்டை அப்படியே மலைக்கு எடுத்துப் போனால் ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுவிட்டுப் போவார்.

கழிப்பறை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி, உள்ளே வரும் பாதை எல்லாவற்றையும் முதல் வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள். பின்னால் கழிப்பறை மட்டும் சேர்க்க வேண்டும் என்றால் மறுபடி கிராம சபை, மறுபடி ரேஞ்சர்.

கட்டி முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வது? நிலம் பதிவேட்டில் காடாகவேதான் இருக்கும், துறைக்கு அது சொந்தமாகிவிடாது. ஆனால் கூரை ஒழுகினால் வனத்துறை வராது, கட்டிய துறைதான் வரவேண்டும். குரங்கு ஓட்டைப் பிரிக்கும், சூரிய மின்பேட்டரி சில வருடத்தில் செத்துப்போகும், மலைக்குழாயில் இலை அடைக்கும். இதற்கு எந்தத் தலைப்பில் பணம், ஊரில் யார் கையில் சாவி என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்காததால் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. எந்த நோக்கத்துக்கு வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்தவும் வேண்டும், பள்ளிக்கு வாங்கிய இடத்தில் கிடங்கு வைக்க முடியாது.

இப்போது இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணம், பணம். 2023 நவம்பரில் தொடங்கிய மத்திய அரசின் பிஎம் ஜன்மன் திட்டத்தில் மிகவும் நலிந்த பழங்குடிகளின் ஊர்களுக்கு அங்கன்வாடி, பல்நோக்கு மையம், சாலை, குடிநீர் எல்லாம் வருகின்றன. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2024 அக்டோபரில் மற்றப் பழங்குடி ஊர்களுக்கும் சேர்த்து இன்னொரு திட்டம் வந்தது. திட்டம் பணத்தைத் தரும், இடத்தைத் தராது. இடத்துக்கு இந்த 3(2)தான் வழி.

படிவத்துக்கும் தீர்மானத்துக்கும் நகல் எடுத்து ஊரில் ஒருவர் கையில் வைத்திருங்கள். வனச்சரக அலுவலகத்தில் கொடுக்கும்போது துறை ஆளோடு ஊரிலிருந்து ஒருவர் கூடப் போய், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். அந்த இரண்டு வாரம் அந்த முத்திரைத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.