மூன்றரைச் சுற்று: டிரைபாட் பிளேட் வாங்கும் முன்

என் பணிமேசையின் மூலையில் ஒரு தகர டப்பா இருக்கிறது. பழுதுக்கு வந்த கேமராக்களின் அடியிலிருந்து நான் கழற்றி எடுத்த போல்ட்களை அதில் போட்டு வைக்கிறேன். தலை தேய்ந்தவை, பாதியில் முறிந்தவை, வளைந்தவை, கேமராவுக்குச் சம்பந்தமே இல்லாத ஹார்டுவேர் கடைச் சரக்கு என்று எல்லாம் கலந்து கிடக்கும். திருச்சியில் 22 ஆண்டுகளாகக் கேமரா பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். டிரைபாடிலிருந்து விழுந்த கேமரா மேசைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, "பிளேட்டையும் கொண்டுவந்தீர்களா?" என்றுதான். கேமராவை டிரைபாடோடு சேர்த்துப் பிடிக்கிற தகடு அது. பெரும்பாலானவர்கள் கொண்டுவருவதில்லை. கேமரா விழுந்த காரணம் அவர்கள் வீட்டுப் பையில் பத்திரமாக இருக்கிறது. நான் சரிசெய்து கொடுத்ததும் கேமரா மறுபடியும் அதே பிளேட்டில் ஏறப்போகிறது.

கேமராவுக்கு ஒன்றரை லட்சம், லென்ஸுக்கு இன்னொரு லட்சம், டிரைபாடுக்குப் பத்தாயிரம் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள்கூட, இவற்றைச் சேர்த்துப் பிடிக்கிற தகட்டை மட்டும் 'ஏதாவது ஒன்று கொடுங்கள்' என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்று ஓடிக்கொண்டிருக்கும் தம்பிமார்களை நினைத்தே இதை எழுதுகிறேன். உங்கள் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு போல்ட்டின் மேல்தான் நிற்கிறது.

ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். வரவேற்பு மேடையில் டிரைபாடைத் திருப்பியபோது கேமரா மட்டும் கழன்று விழுந்திருக்கிறது. லென்ஸ் மாட்டும் வளையமான லென்ஸ் மவுண்ட் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "அண்ணா, நன்றாக முடுக்கித்தான் வைத்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். பிளேட்டின் சொந்த போல்ட் மண்டபத்தில் எங்கோ தொலைந்துபோக, பக்கத்து ஹார்டுவேர் கடையில் அதே அளவு போலத் தெரிந்த ஒன்றை வாங்கி, இரண்டு சுற்று ஏறி நின்றதைக் கட்டிங் பிளேயரால் இறுக்கியிருக்கிறார். நல்லவேளையாக அந்த பிளேட்டையும் கொண்டுவந்திருந்தார். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியில் வைத்துப் பார்த்தேன். 6 மில்லிமீட்டர். எம் 6 போல்ட்.

கேமராவின் அடியில் இருக்கும் மரை 1/4 இஞ்சு, அதாவது 6.35 மில்லிமீட்டர். ஓர் இஞ்சு நீளத்துக்கு 20 புரி; மரையின் ஒவ்வொரு சுற்றும் ஒரு புரி. டிரைபாட் இணைப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 1222 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது; எந்த நாட்டில் செய்த கேமராவானாலும் அதில் சொன்ன மரைதான். பெரிய வீடியோ கேமராக்களிலும் கனமான லென்ஸ்களின் பாதத்திலும் 3/8 இஞ்சு, 16 புரி மரையும் இருக்கும். எம் 6 போல்ட்டில் ஒரு புரிக்கு 1 மில்லிமீட்டர். கேமராவின் மரையில் ஒரு புரிக்கு 1.27 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். குழிக்குள் விட்டால் எம் 6 கொஞ்சம் ஏறும், பிறகு புரியும் புரியும் மோதிச் சிக்கிக்கொள்ளும். கைக்கு அது இறுகிவிட்டதாகத்தான் தோன்றும். உண்மையில் புரிகளின் நுனி மட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். அதன் மேல் பிளேயரையும் போட்டால், கேமராவின் மரை மழுங்கி வழித்துக்கொண்டு வந்துவிடும். அந்த இளைஞரின் கேமராவில் குழியின் வாயருகே இருந்த புரிகள் பொடியாக உதிர்ந்தன.

அவசரத்துக்கு வெளியில் போல்ட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 'கால் இஞ்சு விட்வர்த்' என்று கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் மரை அளவு அது. அதிலும் இஞ்சுக்கு 20 புரிதான். புரியின் சாய்வில் சிறு வேறுபாடு இருந்தாலும் கேமராவில் ஒழுங்காக ஏறும். ஆனால் அது கிடைத்தாலும் நீளத்தைப் பார்க்காமல் போடக் கூடாது.

டப்பாவில் கிடப்பவற்றில் அதிகச் சேதம் செய்தவை நீளமான போல்ட்கள்தாம். சோனியின் பல கேமராக்களின் கையேட்டில் 5.5 மில்லிமீட்டருக்குக் குறைவான நீளமுள்ள டிரைபாட் திருகையே பயன்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பேட்டரி போடும் பக்கத்தைத் தாண்டி யாரும் கையேட்டைப் படிப்பதில்லை. கேமராவின் குழி அவ்வளவு ஆழம் குறைவானது. போல்ட் நீளமாக இருந்தால் அதன் நுனி குழியின் கூரையில் முட்டி நின்றுவிடும். பிளேட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி மிஞ்சும். கேமரா லேசாக ஆடும். ஆடுகிறதே என்று இன்னும் முடுக்குவார்கள். அந்த அழுத்தமெல்லாம் குழியின் கூரைக்கும், அதைக் கேமராச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்னஞ்சிறு திருகுகளுக்கும் போகும். அடிப்பாகம் பிளாஸ்டிக்காக உள்ள ஆரம்பநிலை கேமராக்களில் குழியோடு சேர்ந்து பிளாஸ்டிக்கும் விரிசல் விட்டு வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். போல்ட்டைப் பிளேட்டில் போட்டுக் கீழிருந்து முழுவதுமாக மேலே தள்ளிப் பிடியுங்கள். ரப்பருக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பள்ளிப் பிள்ளையின் அளவுகோலில் பாருங்கள். 4.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. பிறகு கேமராவில் பொருத்தி, விரலால் மட்டும் திருகிச் சுற்றுகளை எண்ணுங்கள். நல்ல மரையில் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மூன்றரைச் சுற்று ஏறி, அதன் பிறகு பிளேட் கேமராவின் அடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றரைச் சுற்றிலேயே நின்றால் மரை பிசகி ஏறுகிறது, அல்லது போல்ட்டே வேறு. நான்கைந்து சுற்று போயும் பிளேட் ஒட்டவில்லை என்றால் போல்ட் நீளம். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட முடுக்காதீர்கள்.

விரலால் ஏற்றிய பிறகு, நாணயத்தாலோ, ஆறுபட்டைச் சாவியான ஆலன் கீயாலோ கால் சுற்று முடுக்கினால் போதும். ஆலன் கீ போடும் துளையுள்ள போல்ட்டையே நான் சிபாரிசு செய்கிறேன். நாணயம் போடும் வரிப்பள்ளம் சில மாதங்களில் வாய் விரிந்துவிடும். அதன் பிறகுதான் பிளேயர் கைக்கு வருகிறது. கழலாமல் இருக்கட்டும் என்று சூப்பர் க்ளூ விடுகிற பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் இருக்கும் பரப்புகளில் வெள்ளைப் படலமாகப் படியும். லென்ஸ் கண்ணாடியில் அப்படிப் படிந்ததைத் துடைத்து எடுப்பதற்குள் எனக்கு அரை நாள் போய்விடும்.

இனி, டிரைபாடின் தலைப்பக்கம். பிளேட் கேமராவில் சரியாக ஏறினால் போதாது, ஹெட்டின் கவ்வியிலும் சரியாக உட்கார வேண்டும். இங்கே நம் ஊரில் இரண்டு குடும்பங்கள்தாம் அதிகம் புழங்குகின்றன. ஒன்று, வீடியோ ஹெட்களில் வரும் மான்ஃப்ரோட்டோ 501 வகை நீளமான பிளேட்டும் அதைப் பார்த்துச் செய்தவையும். மற்றது ஆர்க்கா ஸ்விஸ் வகை, சுமார் 38 மில்லிமீட்டர் அகலத்தில் இரு பக்கமும் சாய்வாகச் சீவிய பிளேட். ஒன்று மற்றதில் ஏறாது. போல்ட்டுக்கு இருப்பதைப் போல ஆர்க்கா பிளேட்டுக்குச் சர்வதேசத் தரநிலை எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவில் செய்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான் வித்தியாசம் வரும். திருகி மூடும் கவ்வியில் அந்த வித்தியாசம் தெரியாது, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மூடிக்கொள்ளும். நெம்புகோலைத் தட்டி மூடும் கவ்வியில்தான் ஆபத்து. அது குறிப்பிட்ட தூரமே மூடும். பிளேட் ஒரு மயிரிழை ஒல்லியாக இருந்தால், 'டக்' என்று மூடிய சத்தம் கேட்கும், கேமரா மட்டும் உள்ளே வழுக்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே நெம்புகோல் கவ்வி உள்ளவர்கள் அதே நிறுவனத்தின் பிளேட்டை வாங்குவதே பாதுகாப்பு. வேறு வாங்கினால், மூடியபின் கட்டைவிரலால் பிளேட்டைப் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். துளியும் நகரக் கூடாது. ஆர்க்கா பிளேட்டின் அடியில் இரு முனைகளிலும் கடுகு போல இரண்டு தடுப்புத் திருகுகள் இருக்கும். கவ்வி தளர்ந்தாலும் பிளேட் வழுக்கி வெளியே வராமல் தடுப்பவை அவை. மாட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று முதல் நாளே அவற்றைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அவை இருந்திருந்தால் என் மேசைக்கே வந்திருக்காத கேமராக்கள் உண்டு.

நெட்டுவாக்கில் படம் எடுக்க ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்க்கிறவர்கள் எல் பிராக்கெட் வாங்குவது நல்லது. கேமராவின் அடியிலும் ஒரு பக்கத்திலும் பொருந்தும், ஆங்கில 'L' வடிவ பிளேட் அது. கேமராவைச் சாய்த்ததும் எடை முழுவதும் டிரைபாடின் நடுவிலிருந்து விலகி ஒரு பக்கம் தொங்குகிறது. லென்ஸின் முனை கனமாக இருந்தால், போல்ட்டையே அச்சாகக் கொண்டு கேமரா மெல்ல மூக்கைத் தாழ்த்தும். பிளேட்டில் இருக்கும் ரப்பர் அமுங்கிக் கொடுக்கும். நம் ஊர் வெயிலில் மலிவான ரப்பர் பிசுபிசுத்துப் போவதும் சேர்ந்துகொள்ளும். எல் பிராக்கெட் இருந்தால் ஹெட்டைச் சாய்க்கவே வேண்டாம். கேமராவைக் கழற்றி நிமிர்த்தி மாட்டினால் எடை நடுவிலேயே நிற்கும்.

ஆனால் எல்லா கேமராவுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் எல் பிராக்கெட்டை நான் நம்புவதில்லை. உங்கள் மாடலுக்கென்றே செய்ததில், கேமராவின் விளிம்பை அணைத்துக்கொள்ளும் சிறிய உதடு இருக்கும். அதுதான் சுழலாமல் தடுக்கிறது. பொதுவான பிராக்கெட்டில் உதடு இருக்காது, எல்லாப் பிடிமானமும் ஒற்றை போல்ட்டின் தலையில் விழும். ஒரே வரிசையில் அடுத்த மாடல் வந்தாலே உடலின் அளவு மாறிவிடும், பழைய பிராக்கெட் சேராது. வாங்கும்போது பேட்டரிக் கதவு முழுவதும் திறக்கிறதா, மைக், எச்டிஎம்ஐ துளைகள் மறைகின்றனவா, திரை திரும்புகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கேனான் 200டி போன்ற கேமராக்களில் மெமரி கார்டும் அடியில் பேட்டரியோடுதான் இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் கார்டு நிரம்பினால் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு நிற்க முடியாது.

70-200 போன்ற நீள லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் காலர் என்ற வளையமும் அதன் அடியில் பாதமும் இருந்தால், பிளேட் அந்தப் பாதத்தில்தான் ஏற வேண்டும், கேமராவின் அடியில் அல்ல. கேனானின் பழைய 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும். அதைக் கேமராவின் முகத்தில் தொங்கவிட்டு, கேமராவை மட்டும் பிடித்து நிறுத்தினால் லென்ஸ் மவுண்ட்தான் அத்தனையும் சுமக்கும். பெட்டியில் '10 கிலோ தாங்கும்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தைரியம் கொள்ளாதீர்கள். நேராக வைத்த எடையைத் தாங்குவது வேறு, முன்னால் நீட்டிக்கொண்டு இழுக்கும் எடையைத் தாங்குவது வேறு.

ஆடி மாதம் கல்யாணம் இல்லாத நாட்களில் உங்கள் பிளேட்களை எல்லாம் வெளியே எடுத்துப் பாருங்கள். போல்ட்டின் புரிகளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் துடையுங்கள். நகத்தால் தடவும்போது புரி பிசிராக உரசினால் அந்த போல்ட்டை மாற்றிவிடுங்கள். ரப்பர் உரிந்திருந்தால் பிளேட்டையே மாற்றுங்கள். பையில் ஒரு மாற்று போல்ட்டும் அதற்கான ஆலன் கீயும் எப்போதும் இருக்கட்டும்.

அந்த இளைஞரின் கேமராவுக்குக் குழியையும் மவுண்டையும் மாற்றிக் கொடுத்தேன். ஆடி பிறந்ததும் புதிதாக ஓர் எல் பிராக்கெட் வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "நீங்களே போடுங்கள் தம்பி" என்று கொடுத்துவிட்டேன். விரலால் திருகிக்கொண்டே வாய்விட்டு எண்ணினார். மூன்றரையில் நின்றது. பேட்டரிக் கதவு திறந்தது, கவ்வியில் நகரவில்லை. மைக் பிளக்கைச் செருகியபோது மட்டும் அது பிராக்கெட்டின் கையில் இடித்துக்கொண்டு வளைந்து நின்றது. பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய், அன்று மாலையே வேறு பிராக்கெட் மாற்றி வாங்கி வந்தார்.