கறுப்புத் துணியில் வெளிறிய தடம்

வெள்ளவத்தைத் தொடர்மாடி பல்கனியில் கறுப்பு உள்ளாடையைக் காயப்போடும்போது பாருங்கள்: தொடையிடுக்கில் படும் துணி மட்டும் செம்மஞ்சளாக வெளிறியிருக்கும். ஏதோ நோய் என்று பயந்து, அதைத் துவாய்க்கு அடியில் ஒளித்துக் காயவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது நோயே இல்லை.

யோனியின் உட்சுவரில் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனின் தயவால் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து சேர்கிறது. அங்கே குடியிருக்கும் லக்டோபசிலஸ் பக்டீரியாக்கள் அதிலிருந்து லக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை (குறையக் குறையப் புளிப்பு கூடும்). இந்தப் புளிப்பில் மற்றக் கிருமிகள் இலேசில் பெருகமாட்டா. துணியின் சாயத்தை வெளிறவைப்பதும் இதுவே. சவர்க்காரமோ காரத்தன்மை உள்ளது. அதை உள்ளே விட்டுக் கழுவுவது காவல்காரரை விரட்டிவிடுவது போல; தயவுசெய்து வேண்டாம். வெளிப்பகுதிக்குத் தண்ணீரே போதும்.

பீரியட்ஸ் முடிந்து சில நாள் போனபின் உங்களை நீங்களே ஒருமுறை பாருங்கள். கையைக் கழுவி, குந்தியிருந்து, சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்து, போன் டோர்ச்சை அடியுங்கள். உள்ளுதடுகள் இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். ஒன்று நீண்டு, ஓரம் கறுத்திருப்பது இயல்பே. இதற்காக வெட்கப்பட்டு வைத்தியரிடமே போகாமல் இருப்பவர்களை நினைத்தால் மனம் நோகிறது. உங்கள் வழமை எது என்று தெரிந்துவிட்டால், புதிதாக வந்தது தானாகக் கண்ணில் படும்: வெள்ளைத் திட்டு, ஆறாத புண், நிறம் மாறும் மச்சம். யோனி வாசலின் கீழ்ப்புறம் ஒரு பக்கம் மட்டும் உருண்டு வீங்கினால், அங்கே ஈரம் சுரக்கும் பார்த்தோலின் சுரப்பி அடைபட்டிருக்கலாம்.

வெள்ளைபடுதலும் சேதி சொல்லும். மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கருபோல இழுபடுவது முட்டை வெளிவரும் காலம். தயிர்க்கட்டிபோல வந்து கடித்தால் பங்கசுத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறமும் மீன் வாடையும் வந்தால் பக்டீரியாச் சமநிலை குழம்பியிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு, ஆகவே பாமசியில் ஊகித்து வாங்காதீர்கள்.

கருப்பைக் கழுத்து மட்டும் இந்தக் கண்ணாடிக்கு எட்டாது. அங்கே உறவின்மூலம் தொற்றும் எச்பிவி வைரஸ் செய்யும், புற்றுநோய்வரை போகக்கூடிய மாற்றம் வருடக்கணக்கில் வலியில்லாமல் நடக்கும். சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதுகளில் கருப்பைக் கழுத்தின் கலங்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள், கொழும்பிலும் உண்டு. உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் நாள் கேளுங்கள். உறவுக்குப் பின்னோ, பீரியட்ஸ் நின்று வருடமான பின்னோ இரத்தம் கண்டால், எந்த வயதென்றாலும் அந்த வாரமே வைத்தியரிடம் போங்கள்.