காணொளி எடுக்கும் முன், மாணவர் எங்கே திணறுகிறார் என்று பாருங்கள்

நூலகப் பயன்பாட்டுப் பயிற்சிக்குக் காணொளி தயாரிக்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலான இடங்களில் பேச்சு நேரே கேமராவுக்குப் போய்விடுகிறது. எந்த மைக் நல்லது, எந்த மென்பொருளில் எடிட் செய்வது, முகப்பில் என்ன இசை வைப்பது என்று கூட்டம் நீளும். யாருக்காக எடுக்கிறோம், அவர் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்ற கேள்வி கடைசியில் வரும். சில நேரம் வராமலே போகும். பயிற்சி வகுப்புகளையும் அதற்கான காணொளிகளையும் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு நூலகராக, இந்த வரிசையை மாற்றிப்போடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாசகர்கள் சந்தேகம் கேட்க வரும் ரெஃபரன்ஸ் மேசையில் உட்காருகிறவருக்கு விடை ஏற்கெனவே தெரியும். "கட்டுரையோட சுருக்கம் மட்டும்தான் வருது, முழுசா திறக்க மாட்டேங்குது." "கேட்லாக்ல இருக்குன்னு காட்டுது, அலமாரியில காணோம்." "வீட்டுல இருந்து திறந்தா பணம் கட்டச் சொல்லுது." "தலைப்பை அப்படியே தட்டிப் பார்த்தேன், ஒண்ணுமே வரலை." இந்த நான்கும் நான்கு காணொளிகள். மேசைக்கு வரும் கேள்விகளை ஒரு பருவம் முழுக்க நோட்டில் குறித்துவந்தால், எது முதலில் வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஆனால் நடைமுறையில் முதலில் தயாராவது அறிமுகக் காணொளிதான். கட்டடத்தின் தோற்றம், வரவேற்புரை, நூலகத்தின் வரலாறு, எத்தனை ஆயிரம் நூல்கள், எத்தனை இதழ்கள். திறப்பு விழாவுக்கு அது பொருந்தும். நாளைக் காலையில் ஒப்படைப்பு கொடுக்க வேண்டிய மாணவருக்கு அதில் ஒன்றுமில்லை. 1931இல் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. பயிற்சிக் காணொளிக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நான் இன்னும் பார்க்கவில்லை. முதல் பத்து விநாடிக்குள் "இந்தக் காணொளி உங்களுக்கு இதைச் செய்யக் கற்றுத்தரும்" என்ற செய்தி வந்துவிட வேண்டும். வணக்கம், அறிமுகம், சுழலும் சின்னம் எல்லாவற்றையும் வெட்டினாலும் யாருக்கும் நட்டமில்லை.

எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களை எடுத்துக்கொண்டு, சுமார் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை அலசி 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. இந்த 6 நிமிடம் இப்போது ஒரு மந்திர எண் போலப் புழங்குகிறது. அந்த ஆய்வு அளந்தது பார்த்த நேரத்தை; கற்றதை அல்ல. அதனால் 6 நிமிடத்துக்குள் அடக்கிவிட்டால் பாடம் மனதில் ஏறிவிடும் என்று பொருளில்லை. அதே ஆய்வின் இன்னொரு முடிவை நூலகர்களும் ஆசிரியர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: வகுப்பறை விரிவுரையைப் பதிவுசெய்து பிறகு துண்டுபோட்டதைவிட, தொடக்கத்திலிருந்தே காணொளிக்கென்று திட்டமிட்டுச் செய்தவைதான் மாணவர்களைப் பிடித்துவைத்தன. ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பைப் படம்பிடித்துப் பத்தாக வெட்டி ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கான எச்சரிக்கை அது.

நீளத்தை நேரத்தால் அளக்காமல் கேள்வியால் அளந்தால் குழப்பம் தீரும். ஒரு காணொளியில் ஒரு கேள்விக்கு விடை. "முழுக் கட்டுரையை எப்படித் திறப்பது" என்பதில் மேற்கோள் எழுதும் முறை வரக் கூடாது. அதற்கு இன்னொன்று எடுக்கலாம்.

இதற்குக் காரணம் நம் நினைவின் அமைப்பு. ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடிய புதுத் தகவல் மிகக் குறைவு. கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிதிறன் சுமைக் கோட்பாடும், ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கற்றல் பற்றிச் செய்த நீண்டகாலச் சோதனைகளும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. மேயர் சொல்வதில் பயிற்சிக் காணொளிக்கு உடனே பயன்படுவது ஒன்று: திரையில் பத்தி பத்தியாக எழுத்தைப் போட்டு அதையே வாசித்துக் காட்டாதீர்கள். கண்ணும் காதும் ஒரே சொற்களை வெவ்வேறு வேகத்தில் வாங்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தடுக்கின்றன. படம் திரையில், விளக்கம் குரலில் என்று பிரித்துவைத்தால் போதும். பின்னணி இசை, துள்ளும் படங்கள், பாடத்துக்குத் தொடர்பில்லாத சுவையான செய்தி இவையும் கற்றலைக் குறைக்கின்றன என்றே அந்தச் சோதனைகள் காட்டின. எல்லோரும் பின்னணி இசை கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன்.

அடுத்தது, நூலகக் காணொளிகளில் நான் மிக அதிகமாகக் காணும் குறை. தேடும் முறையைக் கற்பிக்கும் காணொளியில் தேடல் முதல் தடவையிலேயே வெற்றி பெற்றுவிடுகிறது. பேசுகிறவர் சரியான கீவேர்டுகளைத் தட்டுகிறார். பன்னிரண்டு அருமையான கட்டுரைகள் வந்து நிற்கின்றன. பார்க்கும் மாணவருக்கு அப்படி ஒருநாளும் நடப்பதில்லை. ஒன்று, நாற்பதாயிரம் முடிவுகள் வரும். இல்லாவிட்டால் ஒன்றும் வராது. தேடல் என்பது தோற்றுத் திருத்தும் வேலை. அந்தத் திருத்தத்தைக் காட்டாத காணொளி எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் சொல்லித் தருகிறது.

ஆகவே ஸ்கிரிப்டிலேயே தோல்வியை எழுதுங்கள். "கைபேசி மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறதா" என்று முழு வாக்கியமாகத் தட்டிக் காட்டுங்கள். வந்த குப்பையைத் திரையில் நிறுத்தி, ஏன் இப்படி என்று உரக்க யோசியுங்கள். பிறகு அதைக் கைபேசி, பதின்பருவம், தூக்கம் என்று மூன்று கருத்தாக உடையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு எந்தச் சொற்கள் புழங்குகின்றன என்று தேடுங்கள்; ஒத்த சொற்களை 'ஆர்' (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு இணையுங்கள், மூன்று கருத்தையும் 'அண்ட்' (AND, எல்லாம் இருக்க வேண்டும்) போட்டுக் கட்டுங்கள். கிடைத்த ஒரு நல்ல கட்டுரையைத் திறந்து, அது எதைப் பற்றியது என்று காட்டத் தரவுத்தளம் கொடுத்திருக்கும் பொருள்தலைப்புகளைப் பார்த்து மறுபடி தேடுங்கள். இதெல்லாம் நான்கு நிமிடத்துக்குள் அடங்கும். அனுபவமுள்ளவர் எப்படி மனம் மாற்றிக்கொள்கிறார் என்பதை மாணவர் பார்ப்பதுதான் இங்கே பாடம்.

தமிழில் குரல் கொடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஸ்கிரிப்டை எழுத்துத் தமிழில் எழுதி அப்படியே வாசித்தால் செய்தி அறிக்கை போல் ஒலிக்கும். உரையாடும் நடையில் சொன்னால் மாணவர் நன்றாகக் கற்கிறார் என்று மேயரின் சோதனைகள் சொல்கின்றன; ஆனால் முழுப் பேச்சுத் தமிழில் இறங்கினால் எந்த வட்டாரப் பேச்சு என்ற கேள்வி வந்துவிடும். நல்ல ஆசிரியர் வகுப்பில் பேசும் தமிழ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. "இப்ப இந்த இடத்துல ஆசிரியர் பெயரைக் கொடுங்க" என்கிற நடை. அதைப் பிடிக்க எளிய வழி, ஸ்கிரிப்டை எழுதி முடித்ததும் எதிரே ஒருவரை உட்காரவைத்துத் தாளைப் பார்க்காமல் சொல்லிக் காட்டுவது. நாக்கு இடறும் வாக்கியத்தை எல்லாம் மாற்றிவிடுங்கள். இன்னொன்று: ஆங்கிலக் கையேடுகள் தரும் நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பதுதான் நம்பகமான கணக்கு.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரையைப் பதிவுசெய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ, ஒலியைச் சரிசெய்ய ஆடாசிட்டி, இரண்டும் இலவசம். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். குரல் எதிரொலித்தால் மூடிவிட்டுப் போய்விடுவார். அதனால் பணம் இருந்தால் மைக்கில் போடுங்கள். இல்லாவிட்டால் திரைச்சீலையும் புத்தக அலமாரிகளும் நிறைந்த சிறிய அறையில், வாயருகே மைக் வைத்துப் பேசுங்கள். நூலகத்தில் அப்படி ஓர் அறைக்குப் பஞ்சமிருக்காது.

பதிவு தொடங்கும் முன் ஒரு கட்டாயச் சோதனை உண்டு. திரையில் யாருடைய தகவலாவது தெரிகிறதா? மின்னஞ்சல் அறிவிப்பு, உலாவியில் சேமித்த பெயர், எல்லாவற்றுக்கும் மேலாக, நூலக மென்பொருளில் ஒரு வாசகர் எடுத்த நூல்களின் பட்டியல். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடையில் மட்டும் இருக்க வேண்டிய செய்தி. செயல்முறை காட்ட, கற்பனைப் பெயரில் ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், ஏதாவது ஒரு சட்டகத்தில் நழுவிவிடும்.

சப்டைட்டிலைக் கூடுதல் வசதியாக நினைப்பது தவறு. வலைக்கான தரநிலைகளை வகுக்கும் வேர்ல்ட் வைட் வெப் கன்சார்டியம் 2008இல் வெளியிட்ட வலை அணுகல் வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு, ஒலியுடன் பதிவான காணொளிகளுக்குச் சப்டைட்டில் வேண்டும் என்பதை மூன்று நிலைகளில் அடிப்படையான 'ஏ' நிலையிலேயே வைத்திருக்கிறது. காது கேளாதவருக்கு அது இல்லாமல் பாடமே இல்லை. கேட்கிறவர்களிலும் விடுதி அறையில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம். திரையில் எழுத்தைப் போட்டு வாசிக்காதே என்று மேலே சொன்னதற்கு இது முரணில்லை. சப்டைட்டிலைப் பார்ப்பவர் தேவைப்பட்டால் போட்டுக்கொள்கிறார், வேண்டாமென்றால் அணைத்துவிடுகிறார். தானியங்கிச் சப்டைட்டிலை அப்படியே விடாதீர்கள். கலைச்சொல்லும் ஆசிரியர் பெயரும் வரும் இடத்தில் அது சொதப்பும். மாணவர் அந்தப் பிழையான சொல்லையே தேடல் பெட்டியில் தட்டுவார். ஸ்கிரிப்ட் கையில் இருக்கும்போது அதைச் சப்டைட்டில் கோப்பாக மாற்றுவது சிறிய வேலை. அத்தோடு, "இங்க கிளிக் பண்ணுங்க" என்று சொல்வதை நிறுத்துங்கள். "வலது மேல் மூலையில் இருக்கும் 'மேம்பட்ட தேடல்' பொத்தான்" என்று பெயர் சொன்னால் பார்வையற்ற மாணவரும் கூடவே வர முடியும்.

பிறர் படத்தையும் இசையையும் எடுத்தாளும்போது நூலகர்தான் முதலில் ஒழுங்காக இருக்க வேண்டும். மேற்கோள் காட்டக் கற்றுத்தரும் காணொளியிலேயே மூலம் குறிப்பிடாத படம் இருந்தால் பாடம் அங்கேயே செத்துப்போகிறது. படைப்பைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே முன்கூட்டிச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. அவற்றில் 'மாற்றம் கூடாது' என்ற நிபந்தனையுள்ள படைப்பை வெட்டி ஒட்டித் திருத்திய வடிவில் வெளியிட அனுமதியில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எல்லாம் முடிந்து காணொளி வலையேறியதும் ஆசிரியரின் பங்கு தொடங்குகிறது. பாடப் பக்கத்தில் இணைப்பைப் போட்டுவிட்டு "பாருங்கள்" என்றால் பார்ப்பவர்கள் சிலரே. ஒப்படைப்பு அறிவிப்புக்குள்ளேயே, இரண்டு கட்டுரைகளைத் தேடி எடுக்கச் சொல்லும் வரிக்கு அடுத்த வரியில் அதை வையுங்கள். பார்த்த கையோடு ஒரு சிறு கேள்வி இருக்கட்டும். கார்ல் ஸ்புனாரும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரையை நான்கு பகுதியாகப் பிரித்து இடையிடையே கேள்வி கேட்டபோது மாணவர்களின் மனம் அலைவது குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, இறுதித் தேர்வில் மதிப்பெண்ணும் உயர்ந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் இதையெல்லாம் சொல்லாது. எந்த விநாடியில் பலர் பின்னோக்கிப் போய் மறுபடி பார்க்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே விளக்கம் போதவில்லை. மாணவர்களின் நூற்பட்டியலை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேடல் மேம்பட்டிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

கடைசியாக, பலரும் திட்டமிடாத ஒன்று: காணொளிக்கு ஆயுள் உண்டு. தரவுத்தளங்கள் தங்கள் முகப்பை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பொத்தான் இடம்பெயர்ந்த அன்று உங்கள் காணொளி மாணவரைத் தவறான இடத்துக்கு அனுப்பத் தொடங்குகிறது. எனவே ஏன் என்பதையும் எப்படி என்பதையும் ஒரே காணொளியில் கலக்காதீர்கள். ஆய்விதழ் என்றால் என்ன, கட்டுரை வெளிவரும் முன் அதே துறையினர் அதைச் சரிபார்க்கும் சக அறிஞர் மதிப்பீடு ஏன் வேண்டும், ஒரு தகவலை எப்படி எடைபோடுவது என்பவை பல ஆண்டு நிற்கும். அவற்றுக்கு உழைப்பைக் கொட்டுங்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதற்கு இரண்டு நிமிடத் திரைப்பதிவு போதும். அதைத் தரவுத்தள நிறுவனமே எடுத்து வைத்திருந்தால் அதற்கு இணைப்புக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு காணொளியின் விவரத்திலும் பதிவுசெய்த மாதமும் ஆண்டும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்து, பருவம் தொடங்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காலாவதியானதைத் திருத்த ஆளில்லை என்றால் அன்றே இறக்கிவிடுங்கள், அந்த இடத்தில் ரெஃபரன்ஸ் மேசையின் தொலைபேசி எண்ணைப் போடுங்கள்.