ரயிலை நிறுத்தினால் நோய் எத்தனை நாள் பிந்தும்?

2020 ஜனவரி 25, சீனப் புத்தாண்டு. அதற்கு இரண்டு நாள் முன்பு, 23ஆம் தேதி காலை 10 மணிக்கு, கோவிட் பரவலைத் தடுக்க, சீனாவின் ஊகான் நகரை விட்டுச் செல்லும் ரயில்களும் விமானங்களும் நிறுத்தப்பட்டன. ஆனால் ‘சுன்யுன்’ எனப்படும் 40 நாள் பண்டிகைப் பயணக் காலம் 10ஆம் தேதியே தொடங்கியிருந்தது. அதற்குள் சுமார் 50 லட்சம் பேர் கிளம்பிவிட்டதாக மேயரே சொன்னார்.

கணக்கை எளிய எண்களில் போட்டுப் பார்க்கலாம். ஒரு நகரில் 10,000 பேரில் ஒருவருக்குத் தொற்று. பண்டிகைக்கு 5 லட்சம் பேர் இன்னோர் ஊருக்குப் போகிறார்கள். அங்கே 50 பேர் கிருமியோடு இறங்குவார்கள். பயணத்தை 90 சதவீதம் குறைத்தால் 5 பேர். பெரிய வெற்றி போலத் தெரியும். ஆனால் தொற்று 4 நாளுக்கொரு முறை இரட்டித்தால், 5 என்பது 50 ஆகச் சுமார் 13 நாள் போதும். கிடைப்பது அந்த அவகாசம் மட்டுமே.

அதுவும் கிருமி இன்னும் போய்ச் சேராத ஊருக்குத்தான். ஏற்கெனவே விதை விழுந்த ஊரில் பரவல் உள்ளூரிலேயே நடக்கும். வெளியிலிருந்து வருபவர்கள் அதில் சிறு பங்கு. ‘சயன்ஸ்’ இதழில் 2020இல் வந்த ஓர் ஆய்வின் மதிப்பீட்டில், ஊகானைப் பூட்டியது சீனாவின் மற்ற பகுதிகளில் பரவலை 3 முதல் 5 நாள்தான் பிந்தச் செய்தது. வெளிநாடுகளுக்குப் போன தொற்றோ பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. ஒரே பூட்டுதான், விதை விழாத இடத்தில் கூடுதலாகப் பலித்தது.

ரயில் நிலையத்தில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி? காய்ச்சலைத்தான் அது பிடிக்கும், தொற்றை அல்ல. அன்றைய கோவிட் வகையில் அறிகுறி தோன்றச் சராசரியாக 5 நாள் ஆனது; சிலருக்கு 11 நாளுக்கும் மேல். 14 நாள் தனிமை என்ற விதி இங்கிருந்துதான் வந்தது.

பண்டிகைப் பயணத்துக்கென்று ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. அலுவலாகப் போகிறவர் விடுதியில் தங்கித் திரும்பிவிடுவார். பண்டிகைக்குப் போகிறவரோ குளிருக்கு ஜன்னல் சாத்திய வீட்டில், தாத்தா பாட்டியோடு ஒரே மேசையில் ஒரு வாரம் சாப்பிடுவார்.

2021இல் சீன அரசு இருக்கும் ஊரிலேயே புத்தாண்டைக் கொண்டாடச் சொன்னது. 2019இல் சுமார் 298 கோடியாக இருந்த சுன்யுன் பயணங்கள் 87 கோடியாகச் சுருங்கின. கிராமத்துக்குத் திரும்புவோர் 7 நாளுக்குள் எடுத்த ‘தொற்று இல்லை’ சான்றைக் காட்ட வேண்டியிருந்தது. இந்தச் சான்றில் ஓட்டை உண்டு: திங்கள்கிழமை பரிசோதித்தவருக்குப் புதன்கிழமை தொற்றலாம். அதனால்தான் ஊர் சேர்ந்த பிறகும் 14 நாள் வீட்டுக் கண்காணிப்பு, 7 நாளுக்கு ஒரு மறுபரிசோதனை என்று சேர்த்தார்கள்.