ஸ்கிரிப்ட்: உரைநிரல்

ஸ்கிரிப்ட் (பெயர்ச்சொல்): ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலி தானே படித்து நிறைவேற்றுவதற்காக, சாதாரண உரைக்கோப்பில் எழுதி வைக்கும் கட்டளைத் தொகுப்பு. பரிந்துரைக்கும் தமிழ்ச்சொல்: உரைநிரல்.

கோவை, திருப்பூர் பக்கம் கணினி வேலை செய்பவர்கள் வாயில் இது "ஸ்கிரிப்ட் ஓட மாட்டேங்குதுங்ணா" என்றுதான் வரும். பெயர் ஆங்கிலம், வினை நம்முடையது. சோமனூரில் தறி ஓடுகிறது, தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, அதே வாயில் ஸ்கிரிப்டும் ஓடுகிறது. ஆகவே வினைக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். பெயரில்தான் சிக்கல்.

லத்தீனில் ஸ்க்ரீபெரே என்றால் எழுதுவது. ஸ்கிரிப்டும் என்றால் எழுதப்பட்டது. டாக்டர் எழுதித் தரும் பிரிஸ்கிரிப்ஷனும் பத்திரிகைக்குக் கட்டும் சப்ஸ்கிரிப்ஷனும் அந்த வேரில் வந்தவைதான். நாடகத்தில் நடிகர் பேச வேண்டியதை எழுதிய படியும் ஸ்கிரிப்ட் ஆனது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முனையத்தில் ஒவ்வொன்றாகத் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்ற செயலியிடம் 'இதைப் படித்துச் செய்' என்று கொடுத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட்.

ஒரே ஆங்கிலச் சொல் இத்தனை இடத்தில் நிற்பதால், தமிழில் இடத்துக்கு ஒரு சொல் வேண்டும். மொழியை எழுதும் வடிவம் என்றால் வரிவடிவம். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்த கோவைக்குத் திரைக்கதை, வசனம் என்ற சொற்களைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கணினிப் பொருளில் புழங்குபவை சிறுநிரல், குறுநிரல், ஆணைத்தொடர், உரைநிரல். சிலர் எழுத்துரு என்றும் எழுதிவிடுகிறார்கள். அது ஃபான்ட், இங்கே தவறு.

நிரல் என்பதற்கு வரிசை, ஒழுங்கு என்று பொருள். தொல்காப்பியம் சொல்லும் நான்கு பொருள்கோள்களில் ஒன்று நிரல்நிறை. கூட்ட அழைப்பிதழில் வரும் நிகழ்ச்சி நிரலிலும் அதே சொல்தான். வரிசையாக நடக்க வேண்டியவற்றின் பட்டியல் என்பதால், புரோகிராமுக்கு நிரல் என்பது இழுத்துக் கட்டிய பொருத்தம் இல்லை. அதன் முன் என்ன அடைமொழி வைப்பது என்பதுதான் கேள்வி. சிறு, குறு என்றால் அளவைச் சொல்கிறது. ஆனால் அளவுக்கும் ஸ்கிரிப்டுக்கும் சம்பந்தமே இல்லை. அரட்டைச் செயலிகளுக்கு எழுதப்பட்டவற்றில் 10 வரியிலும் உண்டு, ஆயிரம் வரியைத் தாண்டியும் உண்டு. ஆணைத்தொடர் என்பது ஷெல்லுக்குப் பொருந்தும். நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு (ஃபங்ஷன்) எல்லாம் உள்ள பெர்ல் போன்ற நிரல்மொழிக்குப் போதாது. ஸ்கிரிப்ட் உரையாகவே கிடக்கிறது, உரையாகவே படிக்கப்படுகிறது, திருத்தியவுடன் மறுபடி ஏற்றினால் போதும். அதை ஸ்கிரிப்ட் ஆக்குவது இந்தக் குணம்தான். அதனால் உரைநிரல்.

இர்சி என்ற அரட்டைச் செயலியில் இது கண்கூடாகத் தெரியும். ஐஆர்சி என்ற அரட்டை முறையை 1988-இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் உருவாக்கினார். அதற்கான முனையச் செயலியாக இர்சியை 1999-இல் வெளியிட்டவர் டிமோ சிரைனென், அவரும் பின்லாந்துக்காரர். செயலி சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்டது. அதன் உள்ளே பெர்ல் பொருத்தப்பட்டிருக்கிறது. பெர்ல், லாரி வால் 1987-இல் வெளியிட்ட மொழி. முத்து என்ற பொருளில் வைக்க நினைத்த பெயர், அதே பெயரில் வேறொரு மொழி இருந்ததால் ஓரெழுத்து குறைந்தது. அதற்காக யாரும் அதை முத்து என்று மொழிபெயர்க்க வேண்டாம்.

சென்னிமலையில் ஜக்கார்டு வைத்த தறியைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். தறி அதேதான், துளையிட்ட அட்டைக் கோவையை மாற்றினால் போர்வையின் பூ மாறுகிறது. இர்சி தறி, உரைநிரல் அட்டை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: மோசமான அட்டை டிசைனைத்தான் கெடுக்கும், மோசமான உரைநிரல் தறியையே நிறுத்திவிடும். எப்படி என்பது கீழே வருகிறது.

இனி உரைநிரலின் உறுப்புகள். பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். கோப்பு இருக்க வேண்டிய இடம், உங்கள் வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் 'இர்சி' அடைவுக்குள் 'ஸ்கிரிப்ட்ஸ்'. கோப்பின் தலையில் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்', 'யூஸ் வார்னிங்ஸ்', 'யூஸ் இர்சி' என்று மூன்று வரிகள், பிறகு பதிப்பு எண்ணுக்குத் தனி வரி, அதன்பின் பெயர், விளக்கம், உரிமம் அடங்கிய 'இர்சி' என்ற ஹாஷ், அதாவது பெயரும் மதிப்புமாக இணைத்து வைக்கும் பட்டியல். அடுத்து ஒரு செயற்கூறு. கடைசியாக, எந்த நிகழ்வு வந்தால் அந்தச் செயற்கூற்றைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் 'சிக்னல்_ஆட்' வரி. இர்சியில் சிக்னல் என்பது நிகழ்வின் அறிவிப்பு. அரங்கில், அதாவது பலர் கூடிப் பேசும் சானலில், யாராவது பேசினால் 'மெசேஜ் பப்ளிக்' என்ற சிக்னல் எழும். அதோடு சேவையகம், செய்தி, பேசியவர் பெயர், அவர் முகவரி, அரங்கின் பெயர் என ஐந்தும் இதே வரிசையில் வரும். நீங்களே பேசியது இதில் வராது. அதற்கு 'மெசேஜ் ஓன்_பப்ளிக்' என்ற தனிச் சிக்னல். தன் பேச்சிலேயே சோதித்துப் பார்த்து, உரைநிரல் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

ஏற்ற '/ஸ்கிரிப்ட் லோட்', இறக்க '/ஸ்கிரிப்ட் அன்லோட்', ஏறியிருப்பவற்றைப் பார்க்க '/ஸ்கிரிப்ட் லிஸ்ட்'. இறக்கும்போது அந்த உரைநிரல் கட்டிய சிக்னல், டைமர், கட்டளை எல்லாவற்றையும் இர்சியே அவிழ்த்துவிடும். நினைவில் வைத்திருந்த தரவும் அதோடு போய்விடும். வேண்டுமென்றால் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். இர்சி திறக்கும்போதெல்லாம் தானாக ஏற, 'ஆட்டோரன்' என்ற உள்ளடைவில் கோப்புக்கு ஒரு இணைப்பு போட்டால் போதும். முனையத்தில் நேராகப் 'பெர்ல்' என்று தட்டி இந்தக் கோப்பை ஓட்டிப் பார்த்தால் 'இர்சி' தொகுதியைக் காணோம் என்று பிழை வரும். அது கோளாறு இல்லை. அந்தத் தொகுதி செயலிக்கு உள்ளேதான் இருக்கிறது, எனவே சோதனையும் உள்ளேயே.

தமிழில் அரட்டை அடிப்பவர்களுக்கு எழுதும்போது வரும் தகராறுகளைக் கையேடுகள் சொல்வதில்லை. இர்சி செய்தியைப் பெர்லிடம் எழுத்தாகத் தருவதில்லை, பைட்டாகத் தருகிறது. 'ஈரோடு' என்பதை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிக்கோடில் ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகரக் குறி என்று 5 குறியீடு. அந்தக் குறியீடுகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். செய்தியின் நீளத்தைப் பெர்லின் 'லெங்த்' கொண்டு அப்படியே கேட்டால் 15 என்று வரும். 'என்கோட்' தொகுதியால் டிகோட் செய்த பிறகு, அதாவது பைட்டைக் குறியீடாக மாற்றிய பிறகு, கேட்டால் 5. எழுத்து எண்ணிக்கை 3 வர வேண்டுமென்றால், முழு எழுத்தைப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ்-எக்ஸ் (பெரிய எக்ஸ்) என்ற தேடல் வடிவத்தை வைத்து எண்ண வேண்டும்.

உரைநிரலுக்குள் தமிழ்ச் சொல்லை எழுதியிருந்தால் தலையில் 'யூஸ் யூடிஎஃப்8' வேண்டும். அதைப் போட்டுவிட்டு வரும் செய்தியை டிகோட் செய்யாமல் விட்டால் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் பைட்; எதுவும் பொருந்தாது, பிழைச்செய்தியும் வராது. இரண்டையும் விட்டுவிட்டால் பைட்டும் பைட்டும் பொருந்தி வேலை நடப்பது போலவே தெரியும், நீளம் எண்ணும் நாள் வரை. இரண்டையும் செய்வதுதான் சரி. அனுப்பும் முன் மறுபடி என்கோட் செய்ய வேண்டும்.

இன்னொன்று, ஓகாரக் குறி. அதை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டாவது வகையில் வந்த 'ஈரோடு' 6 குறியீடு, 18 பைட். நீங்கள் தேடும் சொல்லோடு பொருந்தாது. டிகோட் செய்தவுடன் 'யூனிக்கோட் நார்மலைஸ்' தொகுதியின் 'என்எஃப்சி' வழியாகச் செய்தியைச் செலுத்தினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

வேற்றுமை உருபு மூன்றாவது தொல்லை. மஞ்சள் விலை பேசும் அரங்கில் அந்தச் சொல் வந்தால் மணி அடிக்க ஒரு உரைநிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மஞ்சள்' என்று தேடினால் 'மஞ்சளுக்கு', 'மஞ்சளை' எதுவும் சிக்காது. அங்கே ளகரத்தின் மேல் புள்ளி இல்லை. புள்ளியை எடுத்துவிட்டு 'மஞ்சள' என்று தேடினால், குறியீட்டுக் கணக்கில் எல்லா வடிவத்துக்கும் அதுவே தொடக்கம் என்பதால் அத்தனையும் சிக்கும். 'ஈரோட' என்று தேடினால் ஈரோடு, ஈரோட்டில், ஈரோட்டுக்கு மூன்றும் வரும். சொல் எல்லைக் குறியை முன்னால் மட்டும் வையுங்கள், பின்னால் வைத்தால் உருபு ஏறிய சொல் தப்பிவிடும்.

நீண்ட செய்தியில் கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறியாக வருவதன் காரணமும் பைட்தான். 1993-இல் வெளியான ஐஆர்சி நெறிமுறைப்படி ஒரு வரிக்கு 512 பைட் வரம்பு, அதில் 2 வரிமுடிவுக்கு. கட்டளை, அரங்கின் பெயர், அனுப்புநரின் பெயர், முகவரி எல்லாம் அந்த வரம்புக்குள்தான். செய்திக்கு 450 பைட் மிஞ்சினால் ஆங்கிலத்தில் 450 எழுத்து. தமிழில் 150 குறியீடு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் ஏறக்குறைய 90. சேவையகம் பைட் கணக்கில் வெட்டும்போது, 3 பைட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் போய்ச் சேரும். இப்போதைய இர்சி சாதாரணச் செய்தியைத் தானே பிரித்து அனுப்பிவிடும். சேவையகத்துக்கான வரியை உரைநிரல் நேரடியாக அனுப்பினால், அதுவே என்கோட் செய்த நீளத்தை அளந்து, இடைவெளியில் பிரித்து இரண்டு வரியாக அனுப்ப வேண்டும்.

தறி நிற்கும் கதைக்கு வருவோம். இர்சி ஒரே இழையில் ஓடும் செயலி, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். உரைநிரலில் 'ஸ்லீப்' போட்டாலோ, பதில் வரும்வரை ஒரு இணையப் பக்கத்துக்காகக் காத்திருந்தாலோ, அந்த நேரம் முழுக்கச் செயலியும் உறையும். விசை அழுத்தினால் அசையாது. 'இருக்கிறாயா' என்று சேவையகம் கேட்டு அனுப்பும் பிங்குக்குப் பதில் போகாது. நேரம் நீண்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். காத்திருக்க வேண்டியதை 'டைம்அவுட்_ஆட்' வழியாகச் செய்யுங்கள். அது மில்லிவினாடியில் கேட்கும், 10-க்குக் குறைந்தால் ஏற்காது. நீண்ட வேலையைத் தனிச் செயலாகப் பிரித்து, விடை வந்ததும் 'இன்புட்_ஆட்' வழியாக வாங்கிக்கொள்ளலாம். 'எக்ஸிட்' எழுதவே கூடாது. உரைநிரலோடு சேர்ந்து இர்சியும் மூடிக்கொள்ளும்.

செய்தியைத் திருத்தி மேலே விட 'சிக்னல்_கன்டின்யூ' இருக்கிறது. அதற்குப் பதிலாக அதே சிக்னலை 'சிக்னல்_எமிட்' செய்தால் உங்கள் செயற்கூறு தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். தானாகப் பதில் சொல்லும் உரைநிரல்களை இரண்டு பேர் ஒரே அரங்கில் வைத்திருந்தால் ஒன்றுக்கொன்று பதில் சொல்லி ஓயாது. இதற்காகத்தான் நெறிமுறையில் 'நோட்டீஸ்' என்ற செய்தி வகை உண்டு. அதற்குத் தானியங்கிப் பதில் அனுப்பக் கூடாது என்பது விதி. இர்சி தன் பக்கத்தில் முதல் 5 கட்டளைகளை உடனே விட்டு, பிறகு 2.2 வினாடிக்கு ஒன்று என்று இடைவெளி விடுகிறது. அந்த எண்ணைக் குறைத்தால் வேகமாகப் பேசலாம், சேவையகம் வெளியே தள்ளும் வேகமும் கூடும்.

'இர்சி பிரின்ட்' வழியாகத் திரையில் காட்டும்போது % குறியை இரட்டிக்க வேண்டும். இல்லையென்றால் அதை அடுத்து வரும் ஆங்கில எழுத்து நிறக் குறியீடாகிவிடும். இது சின்னத் தொந்தரவு. பெரியது என்னவென்றால், அரங்கில் வந்த செய்தியை ஷெல் கட்டளைக்குள் அப்படியே ஒட்டுவது. உரைநிரல் உங்கள் கணக்கின் முழு அனுமதியோடு ஓடுகிறது. முகம் தெரியாத ஒருவர் அரட்டையில் தட்டும் வரி உங்கள் கணினியில் கட்டளையாக ஓடும். 'சிஸ்டம்' அழைப்பில் கட்டளையையும் மதிப்புகளையும் ஒரே சரமாகக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுத்தால் ஷெல் நடுவில் வராது. இதே காரணத்தால், பிறர் எழுதிய உரைநிரலை ஏற்றும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். உரையாகவே இருப்பதால் படிக்க முடியும்.

சில சொல் உறவுகள். செருகுநிரல் என்பது பிளக்இன். தொகுத்த வடிவில் செயலியோடு இணைவதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். ஹெக்ஸ்சாட் என்ற இன்னொரு அரட்டைச் செயலியில் பெர்ல் கோப்பு 'ஆட்ஆன்ஸ்' அடைவில் போகும், ஆகவே அங்கே துணைநிரல் என்று எழுதினாலும் பிழையில்லை. நீட்சி பொதுச்சொல், இவை எல்லாவற்றையும் தழுவும். லோட், அன்லோட் இரண்டுக்கும் ஏற்று, இறக்கு. சங்ககிரி லாரிப்பட்டறையில் புழங்கும் அதே சொற்கள். கிளையன்ட் என்பதைத் திருப்பூரில் எழுதும்போது கொஞ்சம் கவனம் வேண்டும், அங்கே அது ஆர்டர் கொடுக்கும் ஆளாகிவிடும். அரட்டைச் செயலி என்றே எழுதிவிடலாம்.

எழுதும்போது முதல் முறை 'உரைநிரல் எனப்படும் ஸ்கிரிப்ட்' என்று இரண்டையும் தந்து, பிறகு உரைநிரல் மட்டும் எழுதினால் போதும். உரைநிரலை, உரைநிரலுக்கு, உரைநிரலாக்கம் என்று உருபும் விகுதியும் இடறாமல் ஏறும். கட்டளைப் பெயர், கோப்புப் பெயர், சிக்னல் பெயர் மூன்றையும் மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது. '/உரைநிரல் ஏற்று' என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்றுதான் இர்சி சொல்லும்.