தண்ணீர் தெளிந்தது சரி, அடியில் யார் இருக்கிறார்கள்?

தண்ணீர் சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "ஓடை சுத்தமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, அடியில் வலை பிடித்துப் பார்த்தீர்களா என்பதுதான். நானே ஒரு தப்பு செய்து கற்றுக்கொண்டது இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஓடையில் நாலு வாரம் பகல் வேளையில் பாட்டிலில் தண்ணீர் எடுத்தேன். கரைந்த ஆக்ஸிஜன், அமோனியா எல்லாம் ஒழுங்காக இருந்தன, கையெழுத்தும் போட்டுவிட்டேன். அப்புறம் மூத்தவர் ஒருவர் வந்து கற்களைக் கிளறி வலை பிடித்தார். வந்ததெல்லாம் கெட்ட தண்ணீரிலும் பிழைக்கும் சிவப்புப் புழு. கழிவை ராத்திரியில் திறந்துவிட்டிருக்கிறார்கள். நான் பாட்டிலோடு போன நேரத்தில் அது அடித்துக்கொண்டு போயிருக்கும், ஆனால் அடியில் இருக்கும் பூச்சிக்கு எங்கே ஓட முடியும்?

முறை எளிது. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை ஓட்டம் போகும் பக்கம் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள கற்களை மூன்று நிமிடம் காலால் கிளற வேண்டும். கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் வெறும் சருகும் மணலும்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் அந்தக் குப்பையே நகர ஆரம்பிக்கும். மணலை ஒட்டிக் கட்டிய குழாய்க்குள்ளிருந்து ஒரு கேடிஸ் பூச்சியின் புழு தலையை நீட்டும். இரண்டு வால் உள்ளது ஸ்டோன்ஃப்ளையின் இளம் பூச்சி. பெரும்பாலும் மூன்று வாலோடு, வயிற்றின் இருபுறமும் செவுள்களைப் படபடவென அடித்துக்கொண்டிருப்பது மேஃப்ளையின் இளம் பூச்சி. மூன்றுமே தண்ணீருக்குள் வளர்ந்து, பிறகு இறக்கையோடு வெளியே பறப்பவை. ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூவர்தான். கடைசிவரை நிற்பவை, சேற்றில் வாழும் மெல்லிய டியூபிஃபெக்ஸ் புழுவும், ஒருவகைச் சிறு ஈயின் புழுவான சிவப்பு இரத்தப் புழுவும். நம் ரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின்தான் அவற்றுக்கும் அந்த நிறத்தைத் தந்து, கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனையும் பிடித்துவைக்கிறது.

அதனால் தட்டு நிறைய உயிர் இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள், சாக்கடைக்குக் கீழே ஒரு கைச் சேற்றிலேயே புழுக்கள் குவியலாக இருக்கும். எத்தனை என்பதைவிட எத்தனை வகை, யார் யார் என்பதே முக்கியம். பூச்சிக்கொல்லி வேறு கதை: ஆக்ஸிஜன் நன்றாகவே இருக்கும், மேஃப்ளை மட்டும் இருக்காது.

சரி, கழிவை நிறுத்தினால் திரும்பி வருவார்களா? வருவார்கள், அவரவர் வேகத்தில். வட அமெரிக்காவின் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் 1953இல் காற்றில்லாத வெப்ப நாட்களில் அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து, சேற்றில் வளை தோண்டி வாழும் மேஃப்ளைகள் கூட்டமாகச் செத்தன. பாசியைப் பெருக்கி, அது அழுகும்போது ஆக்ஸிஜனைத் தீர்க்கவைக்கும் பாஸ்பரஸ் ஏரியில் கலப்பதைக் கட்டுப்படுத்திய பிறகு, 1990களின் தொடக்கத்தில்தான் திரும்பின, அதாவது ஏறத்தாழ 40 வருடம். இப்போது அந்தக் கூட்டம் வானிலை ரேடாரில் தெரியும் அளவுக்குக் கிளம்புகிறது. மேஃப்ளைக்காவது இறக்கை உண்டு. கப்பல் அடிப்பாகத்தில் உயிரிகள் ஒட்டாமலிருக்கப் பூசிய டிபிடி (ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம்) பெயிண்டால், கடற்கரைப் பாறைகளில் வாழும் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து இனப்பெருக்கமே நின்றுபோன கதை தெரியுமா? லிட்டருக்குச் சில நானோகிராம் போதும் அதற்கு. 2008இல் உலகளாவிய தடை அமலுக்கு வந்தது, நத்தைகளும் மீண்டு வருகின்றன, ஆனால் அந்தப் பாறை நத்தையின் குஞ்சு தண்ணீரில் மிதந்து பரவாமல், முட்டையிலிருந்தே ஊர்ந்து வெளிவருவது. முழுதும் அழிந்துபோன கரைக்கு அது எப்போது போய்ச் சேரும்!

சீரமைப்பு என்றாலே கல்லைப் போடு, வளைவை உண்டாக்கு என்று கிளம்புவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அப்படிப்பட்ட 78 திட்டங்களை அலசி 2010இல் வந்த ஓர் ஆய்வில், அடிவாழ் உயிரிகளின் வகை தெளிவாகக் கூடியது இரண்டே இரண்டில். தண்ணீர் கெட்டே இருந்தால் கல் என்ன செய்யும்? தண்ணீர் நல்லதானாலும், சில கிலோமீட்டருக்குள் அந்த இனம் பிழைத்திருந்தால்தான் பறந்தோ மிதந்தோ வந்து குடியேறும்.

உங்கள் பகுதியில் ஓடை வேலை தொடங்கப் போகிறது என்றால் முதல் மண் அள்ளுவதற்கு முன்பே ஒரு தட்டு எடுக்கச் சொல்லுங்கள், மேலே கெடாத பகுதியிலும் ஒன்று, அடுத்த வருடம் அதே பருவத்தில் திரும்பவும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அப்புறம் ஒப்பிட முதல் தட்டு இருக்காது.