‘பேய் அமுக்கியது’ என்பவர்களின் மூளையில் நடப்பது

விடியச்சாமத்தில் கண் விழித்தும் கைகால் அசையவில்லை, நெஞ்சின்மேல் ஏதோ ஏறியிருந்தது என்று மட்டக்களப்பில் என்னிடம் சொல்பவர்களில் பலர், மந்திரித்த நூல் கட்டிக்கொண்ட பின்னரே வருகிறார்கள். நூலை அவிழ்க்கச் சொல்வது என் வேலையன்று. அந்த வேளையில் மூளையின் எந்தப் பகுதி விழித்திருந்தது, எது விழிக்கவில்லை என்று விளக்குவதே என் வேலை.

நித்திரையில் மூளை முழுவதும் ஓய்ந்துவிடுவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்கள் கொண்ட சுற்றுகளாகச் செல்லும் இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த நித்திரை மிகுந்திருக்கும். பகலில் கற்றவை நினைவில் நிலைப்பதற்கு அது பெரிதும் உதவுகிறது. விடியலை நெருங்க நெருங்க, 1953இல் ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்த விரைவுக் கண்ணசைவு நித்திரை நீள்கிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா அந்நேரம் மும்முரமாக இயங்க, சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதி அடங்கியிருக்கும். கனவில் ஓடுபவர் பாயைவிட்டு எழுந்து ஓடாதிருக்க, மூளைத்தண்டிலிருந்து, முதுகெலும்பினுள் ஓடும் முண்ணாண் வழியே செல்லும் கட்டளை கைகால் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. கண்களை அசைக்கும் தசைகளும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலிருந்து மூச்சை இயக்கும் பிரிமென்றகடும் மட்டும் அதற்கு விலக்கு.

இந்தக் கட்டளை நீங்குமுன் உணர்வு திரும்பிவிட்டால், கனவின் உருவங்கள் விழித்த கண்ணுக்கும் தெரியும். விலா எலும்புகளுக்கிடையிலுள்ள தசைகள் தளர்ந்திருப்பதால் நினைத்தபடி மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. அதுவே நெஞ்சுப் பாரமாகத் தோன்றுகிறது. ஆனால் மூச்சு நின்றுவிடுவதில்லை. சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், இந்நிலை தானாகவே விலகிவிடும்.

நித்திரை குறைந்தவர்களுக்கும் நேரம் மாறி உறங்குபவர்களுக்கும் இது அடிக்கடி நேர்கிறது: உயர்தரப் பரீட்சைக்காக இரவிரவாகப் படிக்கும் பிள்ளைகள், அம்பாறைப் பக்க வயல் வட்டைகளில் யானைக்காவலுக்குப் போகும் விவசாயிகள், இரவில் வலை போடும் மீனவர்கள். (படிப்பதற்காக நித்திரையைக் குறைக்கும் பிள்ளை, படித்ததைப் பதிக்கும் நேரத்தையே வெட்டுகிறது என்பதைப் பெற்றோர் எளிதில் ஏற்பதில்லை.) மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து, இயன்றவரை ஒரே நேரத்தில் படுத்தெழுந்தால் பலருக்கு இது குறைகிறது. காவலுக்குப் போகிறவரிடம் இரவில் படுங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. பகலில் இருட்டான அறையில், இடையில் எழுப்பப்படாமல் அவர் உறங்குவதற்கு வீட்டார் இடம்கொடுக்க வேண்டும்.

பகலில் அடக்கமுடியாத நித்திரை வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் திடீரெனத் தளர்ந்தாலோ அது நார்கோலெப்சி எனும் நோயாக இருக்கலாம்; அப்போது வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.